பழைய மஸ்டாங்கில் கிளட்ச், கியர்பாக்ஸ் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1965 முதல் 1970 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் 289 அல்லது 302 (கன அங்குலக் கொள்ளளவு) வி-8 எஞ்சின் உள்ள வண்டிகளுக்காக எழுதியது இது. கிளட்ச் மட்டும் மாற்றுகிறவர்களுக்கும், பழைய நாலு கியர் டாப்லோடரை இறக்கிவிட்டு ஐந்து கியர் டி-5 ஏற்றுகிறவர்களுக்கும் பயன்படும். அந்தக் காலத்து அமெரிக்க வண்டி என்பதால் அளவுகள் அங்குலத்திலும் முறுக்கு அடி-பவுண்டிலும் இருக்கின்றன. சர்வீஸ் புத்தகத்திலும் டார்க் ரெஞ்சிலும் அதுவே இருக்கும்.

சத்தம் வருகிறது. போனது கிளட்சா, கியர்பாக்ஸா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். பெடலை விட்டிருக்கும்போது உறுமலாக ஒரு சத்தம், பெடலை அழுத்தியதும் நின்றுவிடுகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கிறது. பெடலில் காலை வைத்து லேசாக அழுத்தியதுமே கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தி கிளட்சை விடவைப்பது). பெடலை முழுக்க அழுத்தி, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங் (கிராங்கின் பின்முனையில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது). இன்புட் ஷாஃப்ட் நின்று, கிராங்க் மட்டும் சுற்றும்போதுதான் பைலட்டுக்கு வேலை.

ரிவர்ஸ் போடும்போது மட்டும் பற்கள் உரசினால் உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். டாப்லோடரில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. கிளட்ச் முழுசாக விடவில்லை என்றால் அது முதலில் ரிவர்ஸில்தான் தெரியும். எல்லாக் கியரும் சரியாக விழுந்து இரண்டாவது மட்டும் உரசினால் அந்த சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது.

டாப்லோடரையே ரிப்பேர் செய்து வைத்துக்கொள்வதா, டி-5க்கு மாறுவதா?

வண்டி எப்படி ஓடுகிறது என்பதுதான் இதை முடிவு செய்யும். டாப்லோடர் இரும்பு வார்ப்பு, 100 பவுண்டுக்கு மேல் எடை, உடைப்பதே கஷ்டம். 2.78 முதல் கியர் கொண்ட அகல விகிதத்திலும், 2.32 கொண்ட நெருக்க விகிதத்திலும் வந்தது. எதுவானாலும் நாலாவது 1.00தான், அதற்கு மேல் ஓவர்டிரைவ் (எஞ்சினைக் குறைந்த சுற்றில் ஓடவிடும், 1.00க்குக் கீழான கியர்) இல்லை.

டி-5ல் ஐந்தாவது கியர் 0.68 அல்லது 0.63. பின்பக்க விகிதம் (பின் ஆக்ஸிலின் கியர் விகிதம்) 3.55, டயர் விட்டம் 25 அங்குலம் என்று வைத்தால் 70 மைல் வேகத்தில் டாப்லோடரில் எஞ்சின் சுமார் 3,340 சுற்று ஓடும். 0.68 ஓவர்டிரைவில் அது 2,270. வார இறுதியில் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்த ஆயிரம் சுற்று பெரிய நிம்மதி. அதே வண்டியில் பின்பக்கம் 3.00 இருந்தால் நாலாவதிலேயே 2,820தான் வரும், 0.68ல் 1,920க்கு இறங்கி, சின்ன ஏற்றத்துக்குக் கூட கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். 3.00 வைத்துக்கொண்டு டி-5 ஏற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி, கண்காட்சிக்குப் போகும் வண்டி என்றால் டாப்லோடருக்குப் புது பேரிங்கும் சிங்க்ரோவும் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய டி-5 ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

வால்பக்க ஹவுசிங் போல்ட்டில் 1352 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு சின்னத் தகடு தொங்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எந்த வண்டிக்கு வந்தது என்று சொல்ல முடியும். தகடு இல்லாததைத் திறந்து பற்களை எண்ணாமல் வாங்காதீர்கள். நாலு சிலிண்டர் மஸ்டாங்கில் வந்ததும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அது வி-8ன் முறுக்குக்குத் தாங்காது.

வி-8க்கு வந்தவற்றில் 1985-89 பாக்ஸ் 265 அடி-பவுண்டு வரை, 1990-93 பாக்ஸ் 300 வரை, பிறகு தனியாக விற்கப்பட்ட இசட் ரகம் 330 வரை என்று மதிப்பிடப்பட்டவை. ஒப்பிட்டுப் பார்க்க: இரண்டு பேரல் கார்புரேட்டர் போட்ட 289ன் முறுக்கு 282, நாலு பேரல் 305, 271 குதிரைத்திறன் கொண்ட உயர் ரகம் 312. இவை அந்தக் காலத்து மொத்தக் கணக்கு (எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது). எஞ்சினிலிருந்து உண்மையில் வருவது இதைவிடக் குறைவு. நல்ல டயரோடு, நின்ற இடத்திலிருந்து கிளட்சைப் படாரென்று விடும் பழக்கம் இருந்தால் 1985-89 பாக்ஸ் வேண்டாம்.

1994-95 வண்டிகளின் டி-5ல் இன்புட் ஷாஃப்ட் சுமார் 2/3 அங்குலம் நீளம் கூடுதல். பழைய பெல் ஹவுசிங்கோடு (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடும் கூடு) அது சேராது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எஞ்சினைப் பெரிசாகக் கட்டியிருக்கிறேன். டி-5 போதுமா?

போதாது. 350 அடி-பவுண்டைத் தாண்டினால் ட்ரெமெக் டிகேஎக்ஸ் பக்கம் போங்கள். 600 வரை தாங்கும் ஐந்து கியர். அதன் இன்புட் ஷாஃப்ட் 26 பல். டாப்லோடருக்கும் டி-5க்கும் உள்ளது 1 1/16 அங்குலத்தில் 10 பல். ஆகவே கிளட்ச் பிளேட்டையும் 26 பல்லுக்கு வாங்க வேண்டும். டனலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஆர்டர் போடும் முன்பே அளந்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், புது பிளைவீல் போல்ட் ஆறு, பிரஷர் பிளேட் போல்ட் ஆறு, ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளிப், கியர்பாக்ஸ் மவுண்ட், வால்பக்க ஆயில் சீல், யூ-ஜாயின்ட் இரண்டு. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதையும் இப்போதே முடியுங்கள். பிறகு அதற்காகத் தனியாக எல்லாவற்றையும் இறக்குவது வீண்.

டி-5 என்றால் கூடுதலாக: பழைய ஆறு போல்ட் பெல் ஹவுசிங்கில் பொருத்த அடாப்டர் பிளேட், அல்லது டி-5க்கென்றே உள்ள பெல் ஹவுசிங், மாற்று கிராஸ் மெம்பர் (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), 28 பல் ஸ்லிப் யோக் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை, கியர்பாக்ஸுக்குள் வழுக்கிச் சேர்வது). சி-4 ஆட்டோமேட்டிக்கின் யோக்கும் 28 பல்தான், அப்படியே சேரும். டாப்லோடரில் தொடக்க கால வண்டிகளுக்கு 25 பல் யோக் வந்தது. கழற்றியதும் எண்ணிப் பாருங்கள்.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதது இரண்டு: டார்க் ரெஞ்ச், காந்த அடிப்பாகத்தோடு கூடிய டயல் கேஜ். கூடவே கியர்பாக்ஸ் ஜாக்கி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். டாப்லோடரை மார்பில் தாங்கி இறக்குகிறேன் என்று யாரும் முயல வேண்டாம்.

இன்னொன்று: 1964 ஆகஸ்டு வரை வந்த 260, 289 எஞ்சின்களின் பின்முகத்தில் பெல் ஹவுசிங்குக்கு ஐந்து போல்ட்தான். முதல் சில மாதத்து மஸ்டாங் உங்களுடையது என்றால் போல்ட்டை எண்ணிவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்.

28 அவுன்ஸ் பிளைவீல், 50 அவுன்ஸ் பிளைவீல் என்கிறார்களே, அது என்ன?

இந்த எஞ்சின்களில் கிராங்கின் சமநிலையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்க டேம்பரிலும் பின்பக்க பிளைவீலிலும் வைக்கப்பட்டிருக்கிறது. 289க்கும் பழைய 302க்கும் அந்த எடை 28 அவுன்ஸ்-அங்குலம். 1980களின் தொடக்கத்தில் அதை 50 ஆக மாற்றினார்கள்.

1980களின் மஸ்டாங்கிலிருந்து டி-5ஐயும் கிளட்சையும் பிளைவீலையும் மொத்தமாகக் கழற்றி வந்து, அப்படியே 289ல் பூட்டுகிறார்கள். போல்ட் ஓட்டை பொருந்தும், பிளைவீலின் 157 பல்லும் பொருந்தும், ஸ்டார்ட்டரும் அழகாகச் சுற்றும். ஓட்டியதும் 2,000 சுற்றுக்கு மேல் வண்டியே உதறும். அப்படியே ஓட்டினால் கிராங்கின் மெயின் பேரிங் போகும். பாக்ஸ் எந்த ஆண்டு என்பதைப் பார்த்து பிளைவீல் வாங்கக் கூடாது. கிராங்க் எந்த ஆண்டு என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எஞ்சினை ஏற்கெனவே யாராவது மாற்றியிருந்தால் முன்பக்க டேம்பரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும்.

கழற்றும் வரிசை என்ன?

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுங்கள். வண்டியை நாலு ஸ்டாண்டில் தரையிலிருந்து 20 அங்குலமாவது உயர்த்துங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. உள்ளே லீவர் பிடியையும் ரப்பர் உறையையும் கழற்றுங்கள். கியர் ஆயிலை வடியுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எடுக்கும் முன் பின்பக்க ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் ஒரே நேர்க்கோட்டில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் இல்லாத அதிர்வு புதிதாக வரும். ஷாஃப்ட்டை உருவியதும் வால்பக்கம் மிச்ச ஆயில் கொட்டும். ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், லிங்கேஜ் கம்பிகள், ஸ்டார்ட்டர்.

எஞ்சினின் ஆயில் பேன் பின்பகுதிக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிய பிறகே கிராஸ் மெம்பரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பின்னால் சாய்ந்துவிடும். கியர்பாக்ஸை நேராகப் பின்னோக்கி இழுத்து, இன்புட் ஷாஃப்ட் முழுக்க வெளியே வந்த பிறகு இறக்குங்கள். பாதியில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். பழைய பிளேட் என்றால் பரவாயில்லை. பூட்டும்போது இதே தப்பு நடந்தால் புது பிளேட் போச்சு.

பெல் ஹவுசிங்கில் இசட் பாரையும் (பெடலின் அசைவை ஃபோர்க்குக்குக் கடத்தும் குறுக்குத் தண்டு) ஃபோர்க்கையும் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை) எடுத்துவிட்டு ஆறு போல்ட்டையும் கழற்றலாம். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். துரு பிடித்து அழுக்காக இருக்கிறது என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் நிற்கும் இடமே மாறிவிடும்.

பழைய கிளட்ச் தூளை ஏர் கம்ப்ரஸரால் ஊதக் கூடாது. அந்தக் காலத்து பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

பழைய பாகங்களைத் தூக்கிப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அவசரப்படாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஏன் போனது என்று அவையே காட்டிக்கொடுக்கும். பிளேட்டின் ஒரு பக்கம் மட்டும் கருத்துப் பளபளத்தால் ஆயில் பட்டிருக்கிறது: எஞ்சின் சீலா, கியர்பாக்ஸ் முன்பக்கமா என்று தேடுங்கள். எஞ்சின் ஆயில் கருப்பு; கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம். பிளைவீலில் நீலப் புள்ளிகள் இருந்தால் நழுவிச் சூடேறியிருக்கிறது. அதைச் சாதாரண லேத்தில் கடைந்தால் அந்த இடங்கள் மேடாகவே நிற்கும். கிரைண்டிங் செய்யும் கடையில் கொடுங்கள். நகத்தில் தட்டுப்படும் விரிசல் இருந்தால் பிளைவீலையே மாற்றுங்கள்.

நடுப்பகுதியின் பற்கள் ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஸ்பிரிங்குகளைச் சுற்றியுள்ள தகட்டில் விரிசல் விட்டிருந்தாலோ, பைலட் புஷ் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தாலோ, கியர்பாக்ஸ் கிராங்கின் மையத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை புது கிளட்ச் போட்டாலும் இதே கதைதான்.

பைலட் புஷ்ஷை எப்படி வெளியே எடுப்பது?

இழுக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லை என்றால் புஷ்ஷுக்குப் பின்னால் உள்ள குழியில் ஈர ரொட்டியை நிறைய அடைத்து, ஓட்டைக்கு இறுக்கமாகச் சேரும் ஒரு கம்பியைச் சுத்தியலால் அடியுங்கள். ரொட்டி பின்னால் போய் அழுத்தி, புஷ்ஷைத் தானே வெளியே தள்ளும். கிரீஸும் இதையே செய்யும். ஆனால் துடைத்து முடியாது.

புதிதாக வெண்கலப் புஷ் போடுவதையே நாங்கள் சொல்வோம். ஊசி பேரிங் மென்மையாகச் சுற்றும், உண்மைதான். ஆனால் அது போனால் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பெல் ஹவுசிங்கின் மையத்தை அளக்க வேண்டுமா? பழைய ஹவுசிங்தானே?

கண்டிப்பாக அளக்க வேண்டும். புது கியர்பாக்ஸ் ஆறே மாதத்தில் உறுமத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் பாக்ஸ் இல்லை. கிராங்கின் அச்சும் இன்புட் ஷாஃப்ட்டின் அச்சும் ஒரே கோட்டில் இல்லாததுதான். தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வந்த எஞ்சினும் ஹவுசிங்கும் இன்று ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஐம்பது வருடத்தில் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். அடாப்டர் பிளேட் போடுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்.

கிளட்சைப் பூட்டாமல் பிளைவீலை மட்டும் பூட்டுங்கள். நடுத்தகட்டை வைத்து, பெல் ஹவுசிங்கை ஆறு போல்ட்டிலும் 40 முதல் 50 அடி-பவுண்டுக்குள் இறுக்குங்கள். டயல் கேஜின் காந்தத்தைப் பிளைவீலில் ஒட்டி, அதன் முள்நுனியை கியர்பாக்ஸ் உட்காரும் பெரிய ஓட்டையின் உள்சுவரில் படவையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கைக்கு லேசாகச் சுற்றும். முன்பக்க டேம்பர் போல்ட்டில் ரெஞ்சைப் போட்டு ஒருவர் மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் 12, 3, 6, 9 மணி நிலைகளில் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று முடிந்து முள் திரும்பப் பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் காந்தம் நகர்ந்திருக்கிறது; முதலிலிருந்து தொடங்குங்கள்.

மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.010 அங்குலத்துக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால், எஞ்சின் பின்முகத்தில் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் இரண்டு டவல் பின்களை எடுத்துவிட்டு, மையம் விலக்கிச் செய்த டவல்களைப் போட வேண்டும். 0.007, 0.014, 0.021 என்று மூன்று அளவில் கிடைக்கின்றன. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கேஜ் காட்டுவது விலகலின் இருமடங்கு. கேஜ் 0.018 காட்டினால் ஹவுசிங் உண்மையில் விலகியிருப்பது 0.009தான். 0.007 டவல் போட்டால் மிச்சம் 0.002, கேஜில் 0.004 தெரியும். அருமையான அளவு.

எந்தப் பக்கம் நகர்த்துவது? முள்நுனி எந்த இடத்தில் அதிகமாக உள்ளே தள்ளப்படுகிறதோ, அந்த இடத்தில் ஓட்டையின் சுவர் அச்சுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஹவுசிங்கை அந்தத் திசைக்கே தள்ள வேண்டும். 12 மணியில் எண் கூடினால் மேலே. இரண்டு டவலின் மேடும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும்; ஒன்று மேலும் ஒன்று பக்கவாட்டிலும் பார்த்தால் ஹவுசிங் டவல்களில் ஏறவே ஏறாது. சரியாக வந்ததும், முள்நுனியைத் திருப்பி, கியர்பாக்ஸ் பதியும் முகத்தையும் ஒரு சுற்று அளந்துவிடுங்கள். அங்கும் 0.010தான் எல்லை. அதிகமாக இருந்தால் முதலில் பெயின்ட் துணுக்கோ துருவோ நடுவில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

முதல் தடவை இதற்கு ஒரு மாலைப் பொழுதே ஓடிவிடும். ஓடட்டும். இந்த வேலை முழுவதிலும் அவசரப்படவே கூடாத நேரம் இதுதான்.

கிளட்சைப் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை?

பிளைவீல் போல்ட் ஓட்டைகள் எஞ்சினுக்குள்ளேயே திறக்கின்றன. மரையில் சீலன்ட் போடாவிட்டால் ஆயில் மெல்ல வழிந்து புது பிளேட்டை நனைக்கும். சீலன்ட் போட்டு, எதிரெதிராக 75 முதல் 85 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். பிறகு பிளைவீலையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். புதிதாக வரும் பாகத்தில் துரு பிடிக்காமல் இருக்க ஆயில் பூசியிருப்பார்கள்.

பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 'பிளைவீல் பக்கம்' என்று எழுதியே இருக்கும். திருப்பிப் போட்டால் நடுப்பகுதி பிளைவீல் போல்ட் தலைகளில் உரசும், கிளட்ச் விடாது. பூட்டும் முன்பே பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டில் நுழைத்து, தடங்கலில்லாமல் வழுக்குகிறதா என்று பாருங்கள். பற்களில் கிரீஸை நகத்தில் எடுக்கும் அளவு தடவி, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். தாராளமாகப் பூசிய கிரீஸ் சுற்றும் வேகத்தில் தெறித்து பிளேட்டில்தான் போய் ஒட்டும்.

மையக் கருவியால் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக அரை அரைச் சுற்றாக, எதிரெதிராக இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி வளையும். அதன் பிறகு கிளட்ச் உதறுவதை எதனாலும் நிறுத்த முடியாது. கடைசி இறுக்கம் 12 முதல் 20 அடி-பவுண்டு.

கியர்பாக்ஸ் கடைசி அரை அங்குலம் போகவில்லை. போல்ட்டால் இழுக்கலாமா?

கூடவே கூடாது. இதில் டி-5ன் அலுமினியக் காது உடைந்த பாக்ஸ்கள் ஏராளம். நுனி பைலட்டில் நேராக நுழையாமல் இருக்கும், அல்லது பிளேட் கொஞ்சம் மையம் தவறியிருக்கும். கியரில் போட்டு, வால்பக்க யோக்கைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் ஜாக்கியின் உயரம்தான் தப்பு. மையம் சரியாக இருந்தால் பாக்ஸ் கை அழுத்தத்திலேயே போய் முகத்தோடு முகம் ஒட்டும். அதன் பிறகுதான் போல்ட்.

டி-5ல் ரிலீஸ் பேரிங் ஓடும் முன்குழாய் அலுமினியம். அதில் பள்ளம் விழுந்திருந்தால் எஃகில் செய்ததை மாற்றிப் போடுங்கள்.

பெடல் கீழேயே ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

மூன்று விரல் கொண்ட பழைய லாங் ரக பிரஷர் பிளேட்டுக்கு மிதி கனம். அதைக் குறைக்க பெடலுக்கு மேலே ஒரு பெரிய ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். பெடல் பாதியைத் தாண்டியதும் அது கீழ்நோக்கித் தள்ளும். நீங்கள் விரல்களுக்குப் பதில் தட்டு வடிவ ஸ்பிரிங் கொண்ட டயஃப்ரம் ரகத்துக்கு மாறியிருந்தால் அதன் திருப்பு விசை குறைவு, ஸ்பிரிங் ஜெயித்துவிடும். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். முழு இறுக்கத்தில் இருப்பது அது. முகத்துக்கு நேராக நின்று நெம்பாதீர்கள்.

சரிசெய்யும் கம்பியின் நட்டைத் திருப்பி, பெடலின் மேற்பகுதியில் சுமார் ஒரு அங்குலம் வெற்று அசைவு இருக்கும்படி வையுங்கள். அசைவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்து சீக்கிரம் போகும். இசட் பாரின் புஷ்கள் தேய்ந்திருந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. அவற்றை முதலில் மாற்றுங்கள். டி-5க்கு கேபிள்தான் போட வேண்டும் என்பதில்லை. அடாப்டர் பிளேட்டோடு பழைய ஹவுசிங்கை வைத்தால் இசட் பார் அப்படியே வேலை செய்யும். ஹெடர் குழாய் இடிக்கும் வண்டிகளில்தான் கேபிளோ ஹைட்ராலிக்கோ தேவை.

எந்த ஆயில், எவ்வளவு?

டாப்லோடருக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜிஎல்-5 வேண்டாம், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். 1985க்குப் பிந்தைய வி-8 டி-5க்கு கியர் ஆயிலே போடக் கூடாது. டெக்ஸ்ரான் அல்லது மெர்கான் ரக ஆட்டோமேட்டிக் ஆயில், சுமார் 2.65 லிட்டர். கெட்டி ஆயில் ஊற்றினால் அதன் சிங்க்ரோ வளையங்களின் பூச்சு பிடிக்காமல் கியர் விழ மறுக்கும். இரண்டிலும் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து வழியத் தொடங்கும் வரை ஊற்ற வேண்டும், வண்டி சமமாக நிற்கும்போது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டுமா?

பாக்ஸை ஏற்றி, கிராஸ் மெம்பரை இறுக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். யோக்கை முழுக்க உள்ளே தள்ளி, அங்கிருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே வந்த நிலையில் ஷாஃப்ட் பூட்ட வேண்டும். பழைய ஷாஃப்ட்டே அந்த நிலையில் சேர்ந்தால் வெட்டும் செலவு மிச்சம். கியர்பாக்ஸின் சாய்வும் பின்பக்க பினியனின் சாய்வும் எதிரெதிராகச் சமமாக, மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். 60 மைலில் மட்டும் வரும் அதிர்வுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது.

கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் கியரை மாற்றினால் சரியாகிவிடும். பாக்ஸுக்குள் உள்ள ஓட்டும் கியரின் பல் எண்ணிக்கை, பின்பக்க விகிதம், டயர் ஒரு மைலுக்குச் சுற்றும் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 7 பல், 3.55, 25 அங்குல டயருக்கு 806 சுற்று என்றால் 20 வரும். 20 பல் கியர் வாங்குங்கள்.

டாப்லோடரைத் திரும்பப் பூட்டினேன். ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கியர் லீவரில் கியர் தட்டித் தடுமாறுகிறது.

லீவரை நியூட்ரலில் வைத்து, அதன் அடியில் உள்ள ஓட்டையில் கால் அங்குலக் கம்பியை நுழையுங்கள். மூன்று கம்பிகளின் நீளத்தையும் பாக்ஸின் நியூட்ரலுக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்து, இழுக்காமல் தள்ளாமல் தானாகவே துளையில் விழும்படி வையுங்கள். பிறகு கம்பியை உருவுங்கள்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறது.

ஆயில் பட்ட பிளேட், கிரைண்டிங் செய்யாத பிளைவீல், கிழிந்த எஞ்சின் மவுண்ட் என்ற வரிசையில் பாருங்கள். மவுண்ட்டைப் பார்ப்பது சுலபம்: பானட்டைத் திறந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை லேசாக விடச் சொல்லுங்கள். எஞ்சின் ஒரு பக்கம் தூக்கினால் அதுதான். புது கிளட்ச் முதல் சில நாள் கொஞ்சம் உதறினால் கழற்ற அவசரப்படாதீர்கள். 300 முதல் 500 மைல் வரை, ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதில் அது படிந்துவிடும். அந்த மைல்கள் முடியும் வரை வேகப் புறப்பாடு வேண்டாம். முடிந்ததும் பெடல் அசைவை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். புது பிளேட் படியும்போது அசைவு குறையும்.

இறக்கிய டாப்லோடரை விற்றுவிடலாமா?

வேண்டாம். 1968 முதல் வந்த பாக்ஸ்களில் வண்டியின் அடையாள எண் பதித்திருக்கும். அது உங்கள் வண்டி எண்ணோடு ஒத்துப்போனால், என்றாவது விற்கும்போது அந்தப் பாக்ஸுக்குத் தனி மதிப்பு. அதனால்தான் டி-5 ஏற்றும்போதும் டனலை வெட்டாமல், பழைய கிராஸ் மெம்பரில் கைவைக்காமல், போல்ட்டில் மட்டுமே மாற்றச் சொல்கிறோம். ஆர்யுஜி என்று தொடங்கும் அதன் தகட்டைக் கம்பியால் பாக்ஸோடு கட்டுங்கள். உள்ளே ஆயிலை நிரப்பி, வால்பக்கத்தில் பழைய யோக்கைச் செருகி, ஓட்டைகளை அடைத்து, மரப்பலகை மேல் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டால் மேல்பக்கப் பேரிங்கும் பற்களும் காயாது.